கலை, மனநலம், நாடிழப்பு: இலக்கிய ஆய்வைத் தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகலை முடித்துவிட்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் பலர் "புலம்பெயர் இலக்கியத்தில் மனநலம்" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வருகிறார்கள். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் அந்த வரியை அப்படியே பதிவு செய்தால் மூன்றாம் ஆண்டிலும் முதல் இயலைவிட்டு நகர முடியாது. எந்தப் புலம், எந்தப் பெயர்வு, யாருடைய மனம் என்ற கேள்விகள் ஒவ்வொன்றும் காலைப் பிடித்து இழுக்கும்.

இந்தத் துறையில் வழக்கமாக நடப்பது இது. ஒரு நாவலை எடுப்பார்கள். ஆசிரியரின் வாழ்க்கையில் துயரங்களைத் தேடுவார்கள். மருத்துவக் கையேட்டில் அதற்கு ஒரு நோய்ப் பெயரைக் கண்டுபிடிப்பார்கள். கடைசியில் நாவலிலிருந்து நாலு மேற்கோளை எடுத்து ஒட்டுவார்கள். வரிசை தலைகீழ். முதலில் படைப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து சட்டமும் இடமும், பிறகு வாழ்க்கை. மருத்துவம் கடைசியில்தான். இந்த வழிகாட்டியின் படிகளும் அதே வரிசையில்தான் போகின்றன.

வெறும் அறிவுரையாக இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு நாவலைக் கையில் வைத்துக்கொண்டே நடப்போம்: தென்னாப்பிரிக்காவில் பிறந்து போட்ஸ்வானாவில் வாழ்ந்த பெஸ்ஸி ஹெட் எழுதி 1973இல் வெளிவந்த 'எ கொஸ்டின் ஆஃப் பவர்'. ஓவியத்துக்கு சார்லோட் சாலமனைத் துணைக்கு அழைத்துக்கொள்வோம்.

## தொடங்கும் முன்: இந்த வரிசை ஏன் முக்கியம்?

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மனநல மருத்துவமனையில் முதல் உலகப் போருக்குப் பின் ஹான்ஸ் பிரின்ட்ஸ்ஹோர்ன் என்ற மருத்துவர் வேலை பார்த்தார். கலை வரலாறும் படித்தவர். பல மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளின் ஓவியங்களைத் திரட்டி, 1922இல் அவற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அன்றைய நவீன ஓவியர்கள் அதை வியந்து படித்தார்கள்.

1937இல் நாஜிகள் மியூனிக்கில் 'இழிகலை' என்ற பெயரில் ஒரு கண்காட்சி திறந்தார்கள். அது ஊர் ஊராகப் போனபோது, பிரின்ட்ஸ்ஹோர்ன் திரட்டிய படங்களை நவீன ஓவியங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். இரண்டும் ஒரே பைத்தியம் என்று காட்டுவதுதான் நோக்கம். பிரின்ட்ஸ்ஹோர்ன் தன் நூலில் பாராட்டி எழுதிய ஓவியர்களில் ஒருவரான ஃப்ரான்ஸ் கார்ல் பூலர் 1940இல் கிராஃபெனெக்கில் கொல்லப்பட்டார். நோயாளிகளை ஒழிக்கும் அரசுத் திட்டத்துக்குப் பலியான பல்லாயிரம் பேரில் அவரும் ஒருவர்.

படைப்பை நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்கும் பழக்கம் எதுவரை போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நல்லெண்ணத்தோடு தொடங்கினாலும் பழக்கம் ஒன்றுதான்.

## படி 1: ஒரே ஒரு படைப்பைத் தேர்ந்தெடுங்கள்

பத்து நாவல்களைப் பட்டியலிடாதீர்கள். ஒன்று போதும். தேர்வுக்கு மூன்று அளவுகோல்கள்:

- கலை, மனநலம், நாடிழப்பு மூன்றும் படைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆசிரியரின் வாழ்க்கையில் மட்டும் இருந்தால் போதாது.
- ஆசிரியரின் கடிதங்கள், நேர்காணல்கள், கைப்பிரதிகள் என ஒப்பிட்டுப் பார்க்கச் சான்றுகள் கிடைக்க வேண்டும்.
- மூன்றாம் முறை படிக்கும்போதும் உங்களுக்குச் சலிக்கக் கூடாது. இதை இலேசாக நினைக்காதீர்கள்.

நம் நாவல் மூன்றிலும் தேறும். எலிசபெத் என்ற பெண் சிறு மகனோடு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறி, போட்ஸ்வானாவில் மோட்டாபெங் என்ற கிராமத்தில் குடியேறுகிறாள். இரவில் அவள் அறைக்குள் செல்லோ, டான் என்ற இரண்டு ஆண் உருவங்கள் வந்து அவள் மனத்தைப் பிடித்து ஆட்டுகின்றன. பகலில் ஊர்க் கூட்டுறவுத் தோட்டத்தில் நாற்று நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறாள். மனம் முறிகிறது, மருத்துவமனை, மீள்கிறாள், மறுபடி முறிகிறாள். ஹெட்டின் கடிதங்கள் தொகுப்பாக வந்திருக்கின்றன. அவருடைய தாள்கள் செரோவே ஊரில் மூன்றாம் காமா நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

## படி 2: மருத்துவச் சொற்களை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் படியுங்கள்

முதல் வாசிப்பு கதைக்காக. குறிப்பு எடுக்க வேண்டாம். இரண்டாம் வாசிப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் போடுங்கள்:

1. பக்கம்
2. என்ன நடக்கிறது
3. எப்படிச் சொல்லப்படுகிறது
4. படிக்கும்போது உங்களுக்கு என்ன ஆயிற்று

மூன்றாம் பத்திதான் ஆய்வு. அங்கே "மனச்சிதைவு", "மனச்சோர்வு" போன்ற சொற்களை எழுதக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே தடை போட்டுக்கொள்ளுங்கள். தடை போட்டால்தான் கண் வேறு இடத்துக்குப் போகும்.

நம் நாவலில் என்ன தெரியும்? கதையைச் சொல்வது படர்க்கைக் குரல். செல்லோ அறையில் வந்து உட்காரும்போது "அவளுக்கு அப்படித் தோன்றியது" என்று அந்தக் குரல் நமக்கு முட்டுக் கொடுப்பதில்லை. வந்தான், உட்கார்ந்தான், பேசினான் என்று போகிறது. தோட்டத்தில் கெனோசி என்ற ஊர்ப்பெண் வந்து வேலை செய்வதையும் அதே உறுதியோடுதான் சொல்கிறது. எது நடந்தது, எது மனத்துக்குள் நடந்தது என்று பிரித்துக்கொடுக்கும் வேலி எங்குமில்லை. எலிசபெத்துக்கு இல்லாத பிடிமானம் வாசகருக்கும் கிடைக்காதபடி ஹெட் திட்டமிட்டுச் செய்திருக்கிறார். நிலை குலைந்த கை இப்படி எழுதாது. குலைவு எப்படி இருக்கும் என்று தெரிந்த, நிதானமான கைதான் எழுதும்.

அடுத்து நூலின் அமைப்பு. நாவல் இரண்டு பகுதிகள். முதல் பகுதிக்குப் பெயர் செல்லோ, இரண்டாவதுக்கு டான். கதை எலிசபெத்துடையது, பகுதித் தலைப்புகளோ அவளை ஆட்டிவைக்கும் ஆண்களின் பெயர்கள். அவள் மனம் அவளிடம் இல்லை என்பதை நூலின் பொருளடக்கமே சொல்லிவிடுகிறது.

அந்தத் தோட்டத்தையும் விடாதீர்கள். அதில் விளைவது கேப் கூஸ்பெரி. நம்மூர்ச் சொடக்குத் தக்காளியின் உறவுச் செடி. அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத செடி வேர்பிடித்து, காய்த்து, ஜாமாகி, ஊரில் விலைபோகிறது. வேற்றூர்ப் பெண்ணின் கதைக்கு நடுவில் வேற்றூர்ச் செடி. இதைக் கவனித்துக் குறித்தவர் பாதிக் கட்டுரை எழுதிவிட்டார்.

## படி 3: எந்த வகை வெளியேற்றம் என்று கண்டுபிடியுங்கள்

படிக்கப் போனவர், பிழைக்கப் போனவர், துரத்தப்பட்டவர், தப்பி ஓடியவர் எல்லாரையும் ஒரே கூடையில் போடுவது பெரும் பிழை. திரும்பிப் போக முடியுமா, முடியாதா? கையில் இருந்த தாள் என்ன? போன இடத்தில் என்ன உரிமை கிடைத்தது? மனத்தின் நிலைக்கும் இந்தக் கேள்விகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

பெஸ்ஸி ஹெட் 1964இல் வெளியேறியது 'எக்ஸிட் பெர்மிட்' என்ற ஒருவழித் தாளில். போகலாம், திரும்ப வரக் கூடாது. போய்ச் சேர்ந்த இடம் அப்போது பெச்சுவானாலாந்து, பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த நாடு. 1966இல் அது போட்ஸ்வானா என்று விடுதலை பெற்றது. ஊரே குடியுரிமை பெற்றுவிட்டது. ஹெட் அகதியாகவே இருந்தார். அவருக்குக் குடியுரிமை கிடைத்தது 1979இல். பதினைந்து ஆண்டுகள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. 'எ கொஸ்டின் ஆஃப் பவர்' அந்தப் பதினைந்து ஆண்டுக்குள் எழுதப்பட்ட நூல்.

செய்முறை: ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் சட்டங்கள், எல்லைகள், அரசியல் நிகழ்வுகள். வலப்பக்கம் ஆசிரியரின் நூல்கள். ஆண்டு வாரியாக நிரப்புங்கள். எட்வர்ட் சைத் 1984இல் எழுதிய 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ் ஆன் எக்ஸைல்' கட்டுரையை இந்தக் கட்டத்தில் படிப்பது நல்லது. நாடிழப்பைக் கலைஞனின் அணிகலனாக்கிப் புகழ்வதை எதிர்த்து, இலட்சக்கணக்கான பெயர் தெரியாத அகதிகளையும் நினைக்கச் சொல்லும் கட்டுரை அது.

## படி 4: வாழ்க்கை வரலாற்றைச் சந்தேகத்தோடு படியுங்கள்

ஹெட் பிறந்தது 1937இல், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் ஃபோர்ட் நேப்பியர் மனநல மருத்துவமனையில். தாய் வெள்ளையினப் பெண், அங்கே நோயாளி. தந்தை கறுப்பினத்தவர். இரு இனத்தவருக்கும் இடையே திருமணத்துக்கு வெளியிலான உறவைக் குற்றமாக்கிய சட்டம் 1927 முதலே அங்கு இருந்தது. ஒரு குழந்தையின் பிறப்பிலேயே சட்டம், இனம், மனநலம் மூன்றும் சிக்கிக்கொண்டதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

நாவலில் மிஷன் பள்ளித் தலைமையாசிரியை சிறுமி எலிசபெத்தை அழைத்து, உன் தாய் பைத்தியம், கவனமாக இல்லாவிட்டால் உனக்கும் அதே கதிதான் என்று எச்சரிக்கிறாள். தந்தை குதிரை லாயத்து ஆள் என்கிறாள். தன் சொந்த வாழ்க்கை என்று ஹெட் பிற்காலத்தில் சொன்ன கதையும் ஏறத்தாழ இதுதான். 1995இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய கில்லியன் ஸ்டெட் ஐலர்சன் ஆவணங்களைத் துருவியும், தந்தை யார் என்பதற்கு உறுதியான சான்று அகப்படவில்லை.

இதை வைத்து ஹெட் பொய் சொன்னார் என்று எழுதினால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும். பெற்றோரைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவர் தனக்கென ஒரு பிறப்புக் கதையை எப்படிக் கட்டிக்கொண்டார், அதில் எதை வைத்தார், எதை விட்டார் என்று கேளுங்கள்.

நடைமுறை விதி: நாவலில் வருவதை வாழ்க்கைக்குச் சான்றாகக் காட்டாதீர்கள், வாழ்க்கையில் நடந்ததை நாவலுக்கு விளக்கமாக்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபடும் இடத்தைக் குறியுங்கள்.

## படி 5: இப்போது மருத்துவத்துக்கு வாருங்கள், அதற்கும் வரலாறு உண்டு

நோய்ப் பெயர்களுக்கும் பிறந்த தேதி இருக்கிறது. மனவடுவுக்குப் பிந்தைய நெருக்கீட்டுக் கோளாறு, அதாவது பி.டி.எஸ்.டி., அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலில் இடம்பெற்றது 1980இல். ஹெட்டின் நாவல் அதற்கு ஏழு ஆண்டு முந்தியது. அந்தப் பெயரை நாவல்மேல் ஒட்டுவதானால், ஏன் ஒட்டுகிறீர்கள், ஒட்டாமல் படித்தால் தெரியாத எது இப்போது தெரிகிறது என்று எழுதியாக வேண்டும்.

மருத்துவமனையையும் ஓர் இடமாகப் பாருங்கள். யார் கட்டியது, யார் நடத்தியது, எந்த மொழியில் கேள்வி கேட்டார்கள்? மார்ட்டினீக்கில் பிறந்த ஃப்ரான்ஸ் ஃபனோன் 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவின் பிளிடா-ஜோயின்வில் மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்தார். தன் மண்ணிலேயே அந்நியராக்கப்பட்டவர்களைக் குணப்படுத்தி அதே காலனி அமைப்புக்குத் திருப்பி அனுப்புவதில் பொருளில்லை என்று கண்டு வேலையை விட்டார். நம் நாவலிலும் எலிசபெத்துக்கு மருத்துவம் பார்க்கும் ஐரோப்பியர் ஓர் இனவெறியர். அவள் மீள்வதில் அவருக்கு இருக்கும் பங்கைவிட, கெனோசியும் தோட்டமும் மகனும் தாங்கிப் பிடிப்பது பெரிது. 'நலம்' என்பதை அங்கே யார் தருகிறார்கள் என்ற கேள்விக்கு நாவலே ஒரு விடை வைத்திருக்கிறது.

கோட்பாடு வேண்டுமென்றால் கேத்தி காருத் 1996இல் எழுதிய 'அன்கிளெய்ம்டு எக்ஸ்பீரியன்ஸ்' நூலையும், மேலை நாட்டு மனவடுக் கோட்பாட்டை எல்லா மக்கள் மேலும் அப்படியே சுமத்த முடியாது என்று வாதிடும் ஸ்டெஃப் கிராப்ஸின் 'போஸ்ட்காலனியல் விட்னஸிங்' (2013) நூலையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்தால் பாதிதான் தெரியும்.

## படி 6: படைப்பு ஓவியமாக இருந்தால்

சார்லோட் சாலமன் 1917இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939 தொடக்கத்தில் தென் பிரான்சில் இருந்த தாத்தா பாட்டியிடம் அனுப்பப்பட்டார். 1940இல் பாட்டி தற்கொலை செய்துகொண்ட பிறகுதான், சிறு வயதில் காய்ச்சலில் இறந்ததாகச் சொல்லப்பட்ட தன் தாயும் தற்கொலை செய்துகொண்டவர் என்பது அவருக்குத் தெரியவந்தது. அதே ஆண்டு தாத்தாவோடு கூர்ஸ் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு வெளியே வந்தார். ஓவியம் வரையச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர் உள்ளூர் மருத்துவர் ஒருவர். 1942க்குள் சாலமன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் வரைந்து, அவற்றில் 769 படங்களைத் தேர்ந்து 'வாழ்க்கையா? நாடகமா?' என்ற ஒரே படைப்பாக அடுக்கினார். 1943இல் அதை அந்த மருத்துவரிடம் ஒப்படைத்தார். அக்டோபரில், 26 வயதில், கருவுற்ற நிலையில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

இந்த வாழ்க்கையைக் கேட்டதும் படங்களைப் பார்க்காமலே கண்ணீர் வந்துவிடும். அதுதான் ஆபத்து. படத்துக்கு வாருங்கள். மூன்று அடிப்படை வண்ணங்களிலிருந்து கலந்து எடுத்ததுதான் மொத்த வண்ணமும். தொடக்கப் பகுதியில் வசனங்களை ஒளி ஊடுருவும் மெல்லிய தாளில் எழுதிப் படத்தின்மேல் மூடியிருக்கிறார். தாளைத் தூக்கினால் படம், போட்டால் சொல். பின்னால் போகப் போக அந்த மூடுதாள் போய், எழுத்து நேராக ஓவியத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. எந்தக் காட்சிக்கு எந்த மெட்டை மனத்தில் பாடிக்கொள்ள வேண்டும் என்றும் குறிப்பு இருக்கிறது. பாத்திரங்களுக்கு நாடகப் பெயர்கள். தன்னையே படர்க்கையில் சார்லோட் கான் என்கிறார்.

வெறும் ஆறுதலுக்காக வரைபவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டதிலிருந்து 769ஐப் பொறுக்கி, எண் போட்டு, இசை சேர்க்க மாட்டார். 'கலையே மருந்து' என்ற ஒற்றை வரியில் இந்த உழைப்பை அடக்கிவிடாதீர்கள். மொத்தப் படைப்பும் ஆம்ஸ்டர்டாம் யூத அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இணையத்தில் பார்க்கலாம். ஒரு நாளைக்குப் பத்துத் தாள் போதும். அதே நான்கு பத்தி நோட்டு. மூன்றாம் பத்தியில் நிறம், மனிதர்கள் நிற்கும் இடம், எழுத்து உட்காரும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள்.

## படி 7: கேள்வியை எழுதுங்கள்

இதுவரை சேர்த்ததை வைத்து ஆய்வுக் கேள்வியைச் செதுக்கலாம்.

விரிந்து கிடப்பது: புலம்பெயர் இலக்கியத்தில் மனநலம்.

கொஞ்சம் பரவாயில்லை: பெஸ்ஸி ஹெட்டின் நாவலில் மனநலமும் நாடிழப்பும்.

வேலைக்கு ஆவது: 'எ கொஸ்டின் ஆஃப் பவர்' நாவலில் தோட்டக் காட்சிகளும் இரவுக் காட்சிகளும் எப்படி மாற்றி மாற்றி அடுக்கப்பட்டுள்ளன? ஓர் ஊரில் ஒட்டிக்கொள்வதையும் மனம் தேறுவதையும் அந்த அடுக்கு எப்படி ஒன்றோடொன்று இணைக்கிறது?

சோதனை எளிது. உங்கள் கேள்விக்கு விடை காண எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று உடனே தெரிந்தால் கேள்வி சரி.

## படி 8: நம் மொழிப் படைப்புக்குக் கொண்டுவாருங்கள்

ஈழப் போரால் பிறந்த தமிழ் எழுத்தை இதே வரிசையில் படிக்கலாம். ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் அகதி விண்ணப்பத்தின் வடிவத்தையே கதைக்குள் எடுத்துக்கொள்கிறது. தஞ்சம் கேட்பவர் தேதி மாறாமல், முன்பின் முரணாமல் தன் கதையைச் சொல்ல வேண்டும் என்று அலுவலகம் எதிர்பார்க்கும். வதைபட்ட மனத்தின் நினைவோ அப்படி வரிசையில் நிற்காது. இந்த இழுபறியை ஒரு நாவல் எந்த வடிவத்தில் கையாள்கிறது என்பதே ஓர் ஆய்வுக்குப் போதுமான கேள்வி.

மனநலப் பக்கத்தில், யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகளைத் தவிர்க்க முடியாது. போர் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்துகிறது என்பதை அந்த மண்ணிலிருந்தே எழுதியவர் அவர். புலம்பெயர் சிற்றிதழ்கள் பல 'நூலகம்' இணையத்தளத்தில் மின்வடிவில் கிடைக்கின்றன.

## படி 9: அறமும் உங்கள் நலமும்

- உயிரோடு இருக்கும் எழுத்தாளருக்கு நோய்ப் பெயர் சூட்டாதீர்கள். அவரே பொதுவில் சொல்லியிருந்தால் மட்டும், சொன்ன அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.
- நேர்காணல் எடுத்தால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தஞ்ச வழக்கு நிலுவையில் இருப்பவரின் ஒரு வரி வெளியே வந்தாலும் வழக்குக்கே கேடாகலாம்.
- தற்கொலையைப் பற்றி எழுதும்போது முறையை விவரிக்காதீர்கள். அதைக் கலைஞனின் முடிசூட்டலாகவும் ஆக்காதீர்கள்.
- நோட்டின் நான்காம் பத்தியை வாரம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தூக்கமின்மையும் பாரமும் தொடர்ந்து தென்பட்டால் ஒரு வாரம் புத்தகத்தை மூடுங்கள். பேச ஆள் தேவைப்பட்டால் இந்தியாவில் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம்.

## அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல் பட்டம் வேண்டுமா?
வேண்டாம். நோயைக் கணிப்பது உங்கள் வேலை இல்லை. ஆனால் எழுதியதை ஒரு மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ படிக்கக் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள்.

ஆசிரியர் மருத்துவமனையில் இருந்தது தெரியும். அதை மறைக்க வேண்டுமா?
வேண்டாம். ஹெட் 1971இல் லோபாட்சே மனநல மருத்துவமனையில் இருந்தார், அதை எழுதலாம். அந்த ஒரு வரியை நாவலின் எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்க வேண்டாம், அவ்வளவுதான்.

துன்பப்பட்டால்தான் பெரிய கலை வருமா?
துன்பப்பட்டு ஒன்றும் எழுதாமல் போனவர்களே அதிகம். எழுதியவர்களுக்கு ஏதோ ஒரு மேசையும் தாளும் கொஞ்ச நேரமும் கிடைத்திருக்கிறது. அவை எப்படிக் கிடைத்தன என்று தேடுங்கள்; அதுவும் ஆய்வுதான்.

## முதல் மாதத் திட்டம்

முதல் வாரம்: படைப்பைத் தேர்ந்து ஒருமுறை படியுங்கள்.

இரண்டாம் வாரம்: நான்கு பத்தி நோட்டோடு மறுபடி படியுங்கள்.

மூன்றாம் வாரம்: சட்டம், இடம், நூல் ஆகியவற்றின் கால அட்டவணை. பிறகு வாழ்க்கை வரலாறும் கடிதங்களும்.

நான்காம் வாரம்: இரண்டு பக்கம் எழுதுங்கள். அதில் ஒரு நோய்ப் பெயர்கூட வரக் கூடாது. ஆசிரியர் பட்ட துன்பம் எதுவும் வரக் கூடாது. படைப்பு எப்படி இயங்குகிறது என்பது மட்டும். அதை இந்தத் துறையோடு தொடர்பில்லாத ஒரு நண்பரிடம் கொடுங்கள். அவர் ஆசிரியர்மேல் இரக்கப்பட்டால் மூன்றாம் பத்திக்குத் திரும்பிப் போங்கள். நாவலை இரவல் கேட்டால் வழிகாட்டியாளரைப் பார்க்கக் கிளம்பலாம்.